மிரட்டலா? எச்சரிக்கையா?

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இரண்டு சொற்களைப் பற்றிப் பேசினால் போதும் என்று கூறி என்னை இங்கு அழைத்து வந்திருக்கிறார்கள். மிரட்டல் ஒன்று, எச்சரிக்கை மற்றொன்று. இரண்டே சொற்கள்தாமே, அகராதியைப் புரட்டினால் அரை நொடியில் முடிந்துவிடாதா என்று நீங்கள் எண்ணக்கூடும். அகராதி பொருளைத்தான் கூறும். எந்தச் சொல் எவர் தலையில் ஏற்றப்படுகிறது என்பதை அது கூறாது. அதை அறிய நாளேடுகளைத்தான் புரட்டவேண்டும்.

அமைச்சர் ஒருவர் பேசுகிறார்: "பணிக்குத் திரும்பாதவர்கள் வேலை இழப்பார்கள்." மறுநாள் ஏட்டில் தலைப்பு: அமைச்சர் எச்சரிக்கை! தொழிற்சங்கச் செயலாளர் ஒருவர் பேசுகிறார்: "கோரிக்கையைக் கவனிக்காவிடில் வேலைநிறுத்தம் செய்வோம்." அதே ஏட்டில், அதே பக்கத்தில் தலைப்பு: தொழிலாளர் மிரட்டல்! இருவர் பேச்சுக்கும் இலக்கணம் ஒன்றே. 'இன்னது செய்யாவிடில் இன்னது நேரும்' என்பதற்குமேல் இருவரும் ஏதும் சொல்லவில்லை. ஆயினும் ஒருவருக்குக் கிடைத்தது மாலை, மற்றவருக்குக் கிடைத்தது பழி. மேடையில் இருப்பவர் வாய் திறந்தால் எச்சரிக்கை, தெருவில் நிற்பவர் வாய் திறந்தால் மிரட்டல் என்று யாரோ ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள் போலும்!

அந்த விதி சரிதானா என்று பார்ப்பதே இன்றைய வேலை.

முதலில் சொற்களையே கேட்போம். 'மிரள்' என்பது வினை. உருள் என்பதிலிருந்து உருட்டு, திரள் என்பதிலிருந்து திரட்டு, மிரள் என்பதிலிருந்து மிரட்டு. மாடு மிரளும், குதிரை மிரளும். மிரண்ட மாடு எங்கே ஓடுவது என்று எண்ணிப் பார்த்து ஓடுவதில்லை. கயிற்றை அறுக்கும், பயிரை மிதிக்கும், சில வேளை கிணற்றிலேயே விழும். எண்ணிப் பார்க்கும் ஆற்றலைப் பறித்து ஓடவைப்பதே மிரட்டல். 'எச்சரிக்கை'யோ இதற்கு நேர் எதிரானது. அரசன் அவைக்கு வரும்போது கட்டியக்காரன் எழுப்பிய குரல்களுள் அதுவும் ஒன்று. விழிப்பாயிரு, கவனம் கொள் என்பதே அதன் கருத்து. ஒன்று அறிவைத் தட்டி எழுப்புகிறது, மற்றொன்று அறிவை அடித்து வீழ்த்துகிறது. பேச்சு வழக்கை உண்டாக்கிய மக்கள் இந்த வேறுபாட்டை நன்கறிந்தே இரு சொற்களை வைத்திருக்கிறார்கள். குழப்பம் தலைப்பு எழுதுவோரிடம்தான் இருக்கிறது.

நாகைத் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை அதற்கு எண்கள் உண்டு. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். கூண்டை ஏற்றுகிற துறைமுக ஊழியருக்கும் கடலில் சுழல்கிற புயலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மீனவர் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டால் அவருக்கு ஒரு காசு இலாபமும் இல்லை. கூண்டைப் பார்த்து, "துறைமுகம் எங்களை மிரட்டுகிறது" என்று எவரும் முறையிட்டதில்லை. இது எளிய கணக்கு. சொல்பவர் வேறு, வரும் கேடு வேறு. கணக்கு எங்கே சிக்கலாகிறதென்றால், சொல்பவரே புயலாகவும் இருக்கும்போது!

சட்டம் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது? 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவு, குற்றமுறு மிரட்டல் இன்னதென்று வரையறுத்தது. ஒருவரது உடலுக்கோ புகழுக்கோ உடைமைக்கோ கேடு செய்வதாகக் கூறி அவரைக் கலங்கவைக்க நினைப்பது குற்றம். அவர் செய்யவேண்டாத ஒன்றைச் செய்யவைக்கவோ, செய்வதற்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யாமல் தடுக்கவோ அவ்வாறு கூறுவதும் குற்றம். உன் வழக்கைக் கைவிடு, இல்லையேல் உன் வீட்டைக் கொளுத்துவேன் என்று சொல்பவனையே அந்தப் பிரிவு எடுத்துக்காட்டாக வைத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 351-ஆம் பிரிவாக அமர்ந்திருக்கிறது. எண் மாறியது, கருத்து மாறவில்லை. நல்ல வரையறைதான். ஆனால் தனி மனிதன் தனி மனிதனை மிரட்டுவதற்கு எழுதிய வரையறை அது. அரசு குடிமக்களை மிரட்டினால் என்ன செய்வது? குடிமக்கள் அரசை நோக்கிப் பேசினால் அதற்கு என்ன பெயர்? அதற்கு வரலாற்றைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டும்.

1930 மார்ச்சு 2. சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தியார், வைசிராய் இர்வின் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொடக்கமே "அன்புள்ள நண்பருக்கு" என்ற பாணியில் இருந்தது. பேரரசின் பேராளருக்கு அந்நாளில் இப்படி எழுதியவர் எத்தனை பேர்! கடிதத்தில் கணக்கும் இருந்தது. வைசிராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியன் ஒருவனின் சராசரி வருமானமோ நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. நிலவரிச் சுமை, உப்புவரியின் கொடுமை, இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, இவற்றைப் போக்க வழி காணாவிடில் உப்புச் சட்டத்தை மீறப் புறப்படுவேன் என்று நாளையும் குறித்தார். என்னைக் கைது செய்து தடுக்க உங்களால் முடியும், அப்போது பல்லாயிரவர் அந்த வேலையைத் தொடர்வார்கள் என நம்புகிறேன் என்றும் எழுதினார்.

அதே கடிதத்தில் ஓரிடத்தில், இதை மிரட்டலாகக் கொள்ளவேண்டாம், சட்டத்தை மீறப் போகிறவன் முன்கூட்டிச் சொல்லவேண்டிய கடமை இது என்ற கருத்தையும் எழுதியிருந்தார். கடிதத்தைத் தபாலில் போடாமல், ரெஜினால்டு ரெய்னால்ட்சு என்ற ஆங்கில இளைஞர் ஒருவர் கையில் கொடுத்து தில்லிக்கு அனுப்பினார். நான் உன் இனத்தைப் பகைக்கவில்லை என்பதைத் தூதுவரின் முகமே சொல்லட்டும் என்பது எண்ணம்.

"மிரட்டல் அன்று" என்று எழுதிவிட்டால் மிரட்டல் இல்லாமற் போய்விடுமா? போகாதுதான். "கோபமே இல்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவரை நாம் பார்த்ததில்லையா? ஆகவே சொல்லை விட்டு உள்ளீட்டைப் பார்க்கவேண்டும். நாள் சொல்லப்பட்டது, இடம் மறைக்கப்படவில்லை, மீறப்போகும் சட்டம் எது என்பது கூறப்பட்டது, தடுக்கும் வழியும் எதிராளிக்கே எடுத்துக் காட்டப்பட்டது. மிரட்டுகிறவன் தன்னைத் தடுக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பதுண்டோ? அடி விழப்போவது யார் முதுகில் என்றால், எழுதியவர் முதுகிலும் அவரைப் பின்தொடர்வோர் முதுகிலுந்தான்.

பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தவறு கண்டபோது இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்ளாத மன்னன் பகைவர் எவரும் இல்லாமலே கெடுவான் என்ற கருத்தை வைத்தார். இர்வினுக்கு இடித்துரைப்பவர் செலவின்றிக் கிடைத்தார். அவரோ தம் செயலாளரைக் கொண்டு நான்கைந்து வரிகளில் விடை எழுதுவித்தார். சட்டமீறலுக்கும் பொது அமைதிக்குக் கேட்டுக்கும் வழி வகுக்கும் செயலில் காந்தியார் இறங்க எண்ணுவதற்கு வருந்துகிறோம் என்பதே விடை. மார்ச்சு 12-இல் 78 பேருடன் காந்தியார் நடந்தார். ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பு எடுத்தார். மே மாதத் தொடக்கத்தில் சிறை புகுந்தார்.

இது வடக்கே நடந்த கதை. அதே ஆண்டில் தெற்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் மிரட்டல் எப்படி எச்சரிக்கையின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏப்ரல் 13-இல் இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார். தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் தார்ன் என்ற வெள்ளையர். கெட்டிக்காரர். தொண்டர்களை அடித்தால் ஊர் அவர்கள் பக்கம் சேரும் என்பதை அறிந்தவர். ஆகவே தொண்டர்களை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தார். இவர்களுக்கு எவரேனும் உணவோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு திங்கள் சிறையும் அபராதமும் உண்டு என்று அறிவிப்பு வெளியிட்டார். தாள்களில் அச்சிட்டுப் பரப்பினார்கள், தண்டோராவும் போட்டார்கள். அறிவிப்பின் நடையோ மிக மரியாதையானது. சட்டம் தெரியாமல் பொதுமக்கள் துன்பத்துக்கு ஆளாகிவிடக் கூடாதே என்ற கவலை வரிக்கு வரி வழிந்தது!

எச்சரிக்கைதானே என்பார்கள். சட்டத்தில் உள்ளதை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதானே என்பார்கள். நான் கேட்கிறேன்: வழிநடந்து வந்தவனுக்குச் சோறிடுவது தஞ்சைத் தரணியில் என்றிலிருந்து குற்றம்? சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்து மறைத்து வைப்போரைத் தண்டிக்க எழுதிய ஒரு பிரிவை எடுத்து, திண்ணையில் இலை போடுகிற கிழவியின்மேல் நீட்டினால் அது எச்சரிக்கையா? அந்தக் கிழவிக்கு வரும் கேடு வானிலிருந்து வருவதன்று, தார்ன் துரையின் பேனாவிலிருந்து வருவது. அவள் அஞ்சிச் சோறிடாமல் இருந்தால் இலாபம் அவளுக்கன்று, ஆட்சிக்கு. தீங்கும் அவர் கையில், பயனும் அவர் பையில்! கூண்டேற்றும் துறைமுக ஊழியருக்கும் இவருக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

ஊர் என்ன செய்தது? மிரண்டதா? இல்லை, எண்ணிப் பார்த்தது! 'கொடுத்தால்தானே குற்றம்?' சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கட்டியவர் யாரென்று மரத்தைத்தான் கேட்கவேண்டும். பெரிய பாத்திரங்களில் சமைத்த உணவு மறைவிடங்களில் காத்திருந்தது. இங்கே இருக்கிறது என்பதைக் குறிப்பால் உணர்த்தினார்கள். ஒளித்துக் கொடுக்க விரும்பாதவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே விருந்தளித்துச் சிறை சென்றார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதரின் கதையை இன்றும் சொல்வார்கள். தன்னிடம் சவரத்துக்கு உட்கார்ந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்குமன்றம் கொண்டுபோய், மீதியை முடி என்று ஆணையிட்டபோது, வேண்டுமானால் தாங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று கருவிப்பெட்டியை நடுவர்முன் வைத்தாராம். ஏப்ரல் 30-இல் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். ஆட்சியின்மேல் மக்களுக்கு ஆழ்ந்த பற்று ஏதேனும் இருந்திருந்தாலும் இப்போது அது மாண்டுவிட்டது என்ற பொருள்படத் தார்ன் தம் மேலிடத்துக்கே எழுத நேர்ந்தது. வெருவந்த செய்யாமை என்று அரசர்க்கென ஓர் அதிகாரத்தை வள்ளுவர் ஒதுக்கியது வீண் வேலையன்று.

ஆக, விடை கிடைத்துவிட்டது என்று தோன்றுகிறதல்லவா? தன் உடம்பில் துன்பத்தை ஏற்பவர் சொல்வது எச்சரிக்கை. பிறர் உடம்பில் துன்பத்தை ஏற்றுபவர் சொல்வது மிரட்டல். அழகான விடை! இதோடு நான் உட்கார்ந்துவிட்டால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 1932 என்றோர் ஆண்டு இருக்கிறது, தோழர்களே! அது இந்த அழகான விடையை உடைத்துப் போடுகிறது.

அவ்வாண்டு ஆகஸ்டு 16-இல் பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் ராம்சே மக்டொனால்டு வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தது. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் அம்மக்களின் சார்பில் அமர்ந்து வாதாடியதன் பயன் அது. இரண்டே நாளில், ஆகஸ்டு 18-இல், எரவாடா சிறையிலிருந்து காந்தியார் கடிதம் எழுதினார். தனித்தொகுதி நீக்கப்படாவிடில் செப்டம்பர் 20 நண்பகல் முதல் சாகும்வரை உண்ணாநோன்பு!

வடிவத்தைப் பாருங்கள். 1930-இல் கண்ட அதே வடிவம். முன்கூட்டிக் கடிதம், குறித்த நாள், துன்பம் தன் உடம்பில். சற்றுமுன் கண்ட விடையின்படி இது தூய எச்சரிக்கை. ஆனால் யாரை நோக்கி? கடிதம் மக்டொனால்டுக்கு. அவரோ, சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குள் உடன்பட்டால் ஒழிய மாற்றமாட்டேன் என்று கையைக் கழுவிக்கொண்டார். எனவே பாரமெல்லாம் அம்பேத்கர் ஒருவர் தோளில் இறங்கிற்று.

இர்வின் 'முடியாது' என்று சொன்னார். சொல்லிவிட்டு வைசிராயாகவே இருந்தார். மறுநாளும் 700 ரூபாய் வந்தது. அம்பேத்கர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால்? அவருக்கு என்ன நேரும் என்பதை விடுங்கள், அவர் அஞ்சுகிறவர் அல்லர். நாடெங்கும் ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்ட சேரிகளில், காவலும் இல்லாமல் துணையும் இல்லாமல் வாழ்ந்த மக்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்? நோன்பு தொடங்குமுன்பே அம்பேத்கர் விடுத்த அறிக்கையில் இதைத்தான் கூறினார்: இச்செயல், தாழ்த்தப்பட்ட மக்கள்மீது காந்தியாரைப் பின்பற்றுவோர் கட்டவிழ்க்கும் பயங்கரத்தில்தான் முடியும் என்ற பொருள்பட. செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 71 இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கை பெருகியது. தங்கள் சார்பாளரைத் தாங்களே தனித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று.

காந்தியாரின் உள்ளத்தில் மிரட்டும் எண்ணம் இருந்தது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. தீண்டாமையைக் கைவிடாத சாதி இந்துக்களின் மனச்சான்றைத் தட்டவே நோன்பு என்று அவர் சொன்னார். அது மெய்யாகவே இருக்கட்டும். சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. நீதிமன்றத்துக்கு அது போதும், அரசியலுக்குப் போதாது. கேட்பவர் நிலையிலிருந்தும் பார்க்கவேண்டும். 'இல்லை' என்று சொல்லும் வாயில் கேட்பவருக்குத் திறந்திருக்கிறதா? அந்த வாயிலில் இர்வின் தாராளமாக நடந்து போனார். தஞ்சைக் கிழவிக்கு அது அடைக்கப்பட்டது, அவள் கொல்லைப்புற வழியைக் கண்டுபிடித்தாள். அம்பேத்கருக்கோ, கொல்லைப்புறமும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் சொன்ன அந்த இரு தலைப்புகளுக்கு வருவோம். தேர்தல் சட்டத்தில் கூட, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில், வாக்காளரைச் சாதியிலிருந்து விலக்கிவைப்போம் என்பதும், தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைப்பதும் முறைகேடு என்றே எழுதியிருக்கிறார்கள். வாக்காளனுக்கு 'இல்லை' என்று சொல்லும் வழி அடைபடுகிறது என்பதுதானே அங்கும் குறை? தொழிற்சாலைக்குள் மட்டும் இந்தக் கண் ஏன் மங்கிவிடுகிறது?

மேற்பார்வையாளர் ஒருவர் தொழிலாளியைத் தனியே அழைத்து, தோளில் கை போட்டு, "தம்பி, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன், சங்கம் கிங்கம் என்று அலையாதே. பிள்ளைகுட்டிக்காரன் நீ" என்கிறார். இனிய குரல், குடும்ப அக்கறை, ஒரு கடுஞ்சொல் இல்லை! எந்த ஏடும் இதைத் தலைப்பாகப் போடாது. ஆனால் அந்தத் தொழிலாளி 'இல்லை' என்றால் மாதச் சம்பளம் நின்றுபோகும். நிறுத்தும் கை, தோளில் கிடக்கிற அதே கைதான். தார்ன் துரையின் அறிவிப்பாவது எழுத்தில் இருந்தது.

தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்த அறிவிப்பு எப்படிப்பட்டது? அது ஒளிந்து வருவதில்லை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், பொதுப்பயன் துறைகளில் அறிவிப்புக் கொடுத்துப் 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது என்று விதித்தது. அறிவிப்பு வந்ததும் சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைத்துப் பேசவேண்டும் என்றும் விதித்தது. ஆக, எதைக் கொடுக்கவேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறதோ, அதைக் கொடுத்தவுடன் 'மிரட்டல்' என்று தலைப்பு! முதலாளிக்கு 14 நாள் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், பேச்சுமேசை இருக்கிறது, 'இல்லை' என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது. வேலைநிறுத்தம் நடந்தால் அன்றே அடுப்பு அணைவது தொழிலாளி வீட்டில்தான். கட்டியக்காரன் குரலுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெது?

இப்போது நடந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், அந்த 14 நாள் அறிவிப்பைப் பொதுப்பயன் துறைக்கு மட்டுமின்றி எல்லாத் தொழிலகங்களுக்கும் நீட்டிவிட்டது. முன்கூட்டிச் சொல்வது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் அடுத்த வரியையும் படியுங்கள். சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்தபின் ஏழு நாளும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. அறிவிப்பு வந்தபின் அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிய அன்றே சமரசம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். அந்த 14 நாளுக்குள் அவர் ஒரு கூட்டத்தைக் கூட்டிவிட்டால் போதும். குறித்த நாளில் வேலைக்கு வராதவர் சட்டத்தை மீறியவர் ஆகிறார். எச்சரிக்கை கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்தபின் சொன்னதைச் செய்யக்கூடாது!

1930-இல் காந்தியார் கடிதம் எழுதிவிட்டுக் குறித்தபடி நடந்தார். இனி அறிவிப்பு எழுதப்போகும் சங்கத் தோழர்கள் அதில் எந்த நாளைக் குறிப்பது என்பதைப் பற்றி, இந்தப் படிப்பகத்துக்கு வருகிற வழக்கறிஞர் தோழர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் கூறியிருக்கிறார்.